எல்லாம் உள்ளேயே எழுதியிருக்கிறது

கையேட்டார் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு சந்தேகம் என்று போய் நின்றால், சந்தேகத்தைத் தீர்க்காமல், அது எந்தப் பக்கத்தில் எந்த வரியில் தீர்த்துவைக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புவாரே, அவர்தான். பதில் அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நுனி நாக்கில் இருக்கிறது. "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே சொல்லில் முடிகிற காரியம். ஆனாலும் சொல்லமாட்டார். வாயால் சொல்லிவிட்டால், கைவலிக்க எழுதிவைத்ததற்கு என்ன மரியாதை?

அலுவலகத்துக்கு ஒருவராவது இருப்பார். தண்ணீர் வழங்கும் அலுவலகம் ஒன்றின் இரண்டாவது மாடியில், கணினிப் பிரிவில், ஜன்னலோரம் மூன்றாவது மேஜையில் ஒருவர் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி பம்பு இயக்குபவரிலிருந்து மேலாளர்வரை எல்லாருக்கும் அவர் கையேட்டார். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அது காதில் விழுந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை என்பதையும், உள்ளூரக் கொஞ்சம் குளிர்ந்துபோனார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பிரிவில் பிரிண்டர் ஒன்று உண்டு. ஒரு பக்கம் அட்டையை மடித்துக் கொடுத்தால்தான் ஆடாமல் நிற்கும். அதன்மேல் கையேட்டார் ஒட்டிய காகிதங்கள் மொத்தம் ஆறு. "காகிதத்தை வலப்பக்கம் வைக்கவும்" என்பது முதலாவது. "வலப்பக்கம் என்பது உங்கள் வலப்பக்கம், பிரிண்டரின் வலப்பக்கம் அல்ல" என்பது இரண்டாவது. "மேலே உள்ள இரண்டையும் படித்த பிறகு என்னிடம் வரவும்" என்பது மூன்றாவது. மற்ற மூன்றையும் படித்தவர் யாரும் இல்லாததால் அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? குளிர்பெட்டிக் கதவில் ஒன்று, குளியலறை சுவிட்சுக்கு மேல் ஒன்று, மாடிக் கதவின் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் அம்புக்குறியோடு ஒன்று. "ஏங்க, சுடுதண்ணி வரலையே, எந்த சுவிட்சு?" என்று அவர் மனைவி குளியலறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தால், கூடத்தில் இருந்தபடியே, "வெளியில ஒட்டியிருக்கேனே, பாத்தியா?" என்பார். அந்த அம்மாள் ஈரத்தலையோடு வெளியே வந்து படித்துவிட்டுத் திரும்பப் போவதற்குள் இவரே எழுந்து இரண்டு சுவிட்சைத் தட்டியிருக்கலாம். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

இதிலே ஒரு வேடிக்கை. அடுத்தவர் எழுதியதை இந்த இனம் படிக்கவே படிக்காது. அது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கையேட்டாரின் வாழ்நாள் சாதனை ஒரு ஸ்கிரிப்ட். பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று கணினிக்கு வரிசையாக எழுதிவைக்கிற ஒரு கோப்பு, அவ்வளவுதான். எங்காவது குழாய் உடைந்தால், கருப்புத் திரையில் செய்தியையும் பகுதி எண்ணையும் தட்டவேண்டியது. அந்தப் பகுதியில் உள்ள எல்லா வீட்டுக் கைபேசிக்கும், "இன்று தண்ணீர் வராது" என்று செய்தி போய்விடும். நல்ல காரியம்தான். நான் குறைசொல்லவில்லை.

ஆனால் கையேட்டாருக்குப் பெருமை அந்தச் செய்தி போவதில் இல்லை. ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர் எழுதிவைத்த குறிப்பில்தான் அவர் உயிர் இருந்தது. கணினி அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடும், அவை மனிதருக்காக எழுதியவை. கருப்புத் திரையில் "ஹெல்ப்" என்று தட்டினால், ஸ்கிரிப்ட் தன்னையே திறந்து, தன் இரண்டாவது வரியிலிருந்து நாற்பதாவது வரிவரை எடுத்து அப்படியே திரையில் காட்டும்.

"உதவியைத் தனியா ஒரு கோப்புல வெச்சா என்ன ஆகும்? இது ஒரு பக்கம் மாறும், அது ஒரு பக்கம் மாறாம கிடக்கும். இங்க ரெண்டும் ஒரே உடம்பு. தப்பே வராது," என்று மூன்று வருடம் முன்னால், ஆள் அகப்பட்டபோதெல்லாம் விளக்கினார். பம்பு இயக்குபவர் ஒருமுறை முழுவதும் கேட்டார். அவருக்கு அன்று மாடி இறங்க மழை விடவில்லை.

முப்பத்தொன்பது வரிகள். அதில் ஸ்கிரிப்டின் பிறந்த தேதி உண்டு, அதற்கு ஏன் அந்தப் பெயர் என்ற விளக்கம் உண்டு, ஊக்கம் தந்த மேலதிகாரிகளுக்கு நன்றி உண்டு. "செய்தியையும் பகுதி எண்ணையும் கொடுத்து எண்டர் தட்டவும்" என்ற வரியும் நடுவில் எங்கோ உண்டு. கடைசி நான்கு வரிகள் எச்சரிக்கை. முதல் வரியில் "எச்சரிக்கை:" என்ற சொல் மட்டும் தனியாக, கம்பீரமாக. அதன்கீழ் மூன்று வரிகள்: பகுதி எண்ணை முதலில் தட்டவேண்டும், செய்தி பிறகு. எண் பின்னால் வந்தால் ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது, செய்தி எல்லா வீட்டுக்கும் போய்விடும். சந்தேகம் இருந்தால் ஒத்திகை பார்க்கவும்.

எண் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஸ்கிரிப்டே கண்டுபிடித்துக்கொள்ளும்படி செய்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். செய்திருக்கலாம். பத்து நிமிட வேலை. கையேட்டாரோ அரை மணி நேரம் செலவழித்து, அந்த ஓட்டையைப் பற்றித் தெளிவான மொழியில் எழுதிவைத்தார். ஓட்டையை அடைக்கிறவன் தொழிலாளி. ஓட்டைக்குப் பக்கத்தில் பலகை வைக்கிறவனே அறிஞன்.

ஊர் என்னவோ வழக்கம்போல் படிக்காமலே இருந்தது. "சார், இந்த மெசேஜ் எப்படி அனுப்பறது?" என்று யாராவது வருவார்கள். "ஹெல்ப் பாத்தீங்களா?" என்பார். வந்தவர், "பாக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். கால்மணி நேரத்தில் கையேட்டாரே அனுப்பிவிடுவார். இப்படி யாராவது வந்து அவர் மனம் வெறுத்துப்போன நாளில், ஸ்கிரிப்டைத் திறந்து தலைப்பில் ஒரு வரி சேர்ப்பார். முதல் வருடம், "கேள்வி கேட்கும் முன் இதைப் படிக்கவும்." இரண்டாம் வருடம் அதற்குமேல், "முழுவதும் படிக்கவும்." மூன்றாம் வருடம் எல்லாவற்றுக்கும் மேல், "கடைசி வரி வரை படிக்கவும்."

மூன்று வரி உள்ளே நுழைந்தது. ஸ்கிரிப்ட் காட்டுவதோ நாற்பதாவது வரிவரைதான். நுழைந்த மூன்று, அடியிலிருந்த மூன்றைச் சத்தமில்லாமல் கீழே தள்ளிவிட்டது. கையேட்டாருக்குத் தெரியுமா? எப்படித் தெரியும்? கோப்பைத் திறந்தால் நாற்பத்துமூன்று வரியும் கண்முன்னே இருக்கிறது. "ஹெல்ப்" என்று தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எழுதினவருக்கு உதவி எதற்கு? தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்போது கதைக்குள் ஓர் அம்மாள் வருகிறார். புகார்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர். பதினைந்து வருடம் வீட்டைப் பார்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகளும் தலையெடுத்தபின், நாற்பத்திரண்டு வயதில் வேலைக்கு வந்தவர். முதல் ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வந்த வழி. அந்த ஆறு மாதம் முடியப் பதினோரு நாள் பாக்கி. அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். யார் எதைச் சொன்னாலும் அதில் எழுதிக்கொள்வார். "விட்டுப்போன பதினஞ்சு வருஷத்தை எழுதி எழுதித்தான் பிடிக்கணும்," என்று சிரிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கையேட்டார் விடுப்பில் இருந்தார். வீட்டுக்குப் புதுத் துவைக்கும் இயந்திரம் வந்திருந்தது. அதைப் பொருத்துகிறேன் பேர்வழி என்று குழாயும் திருகுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அதுல புத்தகம் ஒன்னு இருக்கே, அதைப் பிரிச்சுப் பாக்கக் கூடாதா?" என்றார் மனைவி.

"இதுக்கெல்லாம் எதுக்குப் புத்தகம்?" என்றார் கையேட்டார். புத்தகம் பிளாஸ்டிக் உறை கலையாமல் ஜன்னலில் கிடந்தது. இதற்குத்தான் பிறகு வருகிறேன் என்றேன்.

பத்தரை மணிக்கு ஏழாம் பகுதியில் பெரிய குழாய் ஒன்று வெடித்தது. மேலாளர் புகார்ப் பிரிவுக்கு ஓடிவந்து, "அந்தப் பகுதிக்கு உடனே மெசேஜ் போகணும்மா," என்றார். அம்மாள் கையேட்டாருக்குத் தொலைபேசி போட்டார்.

"சார், ஏழாம் பகுதிக்கு மெசேஜ் அனுப்பணுமாம். எப்படி சார்?"

"ஹெல்ப் பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"எல்லாம் உள்ளேயே எழுதியிருக்கு மேடம். பாருங்க." வைத்துவிட்டார்.

அம்மாள் பார்த்தார். மூன்று வருடத்தில் அந்தக் குறிப்பைத் தட்டிப் பார்த்த முதல் மனிதப்பிறவி அவர்தான். பார்த்ததோடு நிற்காமல், ஒரு வரி விடாமல், மேலதிகாரிகளுக்குச் சொன்ன நன்றி உட்பட, நோட்டில் எழுதியும் கொண்டார். பிறகு மறுபடி அழைத்தார்.

"சார், படிச்சுட்டேன். கடைசியில எச்சரிக்கைன்னு—"

"ஆமா, அதுதான் முக்கியம்! நல்லா படிங்க மேடம், முழுசா படிங்க." ஒரு கையில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, மறுகையால் தொலைபேசியை வைத்தார். வைத்துவிட்டு, "பரவாயில்லை, ஒருத்தராவது எச்சரிக்கைவரைக்கும் வந்துட்டாங்க," என்று மனைவியிடம் சொன்னார். அன்று காலை அவருக்கு உலகத்தின்மேல் ஒரு நம்பிக்கை பிறந்தது.

பதினொன்று ஐந்துக்கு அவர் கைபேசி சிணுங்கியது. பக்கத்திலேயே மனைவியின் கைபேசியும் சிணுங்கியது. "குழாய்ப் பழுது காரணமாக இன்று பன்னிரண்டு மணி முதல் தண்ணீர் வராது. வேண்டிய அளவு பிடித்து வைத்துக்கொள்ளவும். 7"

"நம்ம வீடு எப்பங்க ஏழாம் பகுதிக்குப் போச்சு?" என்று கேட்டுக்கொண்டே மனைவி வாளியோடு குழாயடிக்குப் போய்விட்டார்.

கையேட்டார் அந்த "7" ஐப் பார்த்தார். செய்தியின் வாலில் ஒட்டிக்கொண்டு நின்றது. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. எண்ணைப் பின்னால் தட்டியிருக்கிறார்கள். செய்தி நாற்பதாயிரம் வீட்டுக்கும் போய்விட்டது. படிக்கவில்லை! கரடியாகக் கத்தியும் படிக்கவில்லை! அவருக்கு வந்தது கோபம் என்று நினைத்தால் நீங்கள் இந்த இனத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. அது ஆனந்தம். மூன்று வருடமாகக் காத்திருந்த ஆனந்தம். திருகாணியைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வழியெல்லாம் தெருவுக்குத் தெரு குழாய்கள் திறந்திருந்தன. வாளி, குடம், அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, மீன்தொட்டிகூட ஒரு வீட்டு வாசலில் நிரம்பிக்கொண்டிருந்தது. நாற்பதாயிரம் வீடும் ஒரே நேரத்தில் பிடித்தால் எந்தத் தொட்டி தாங்கும்? பன்னிரண்டரை மணிக்கு மேல்நிலைத் தொட்டிகள் எல்லாம் அடி தெரிய வறண்டன. தவறாகப் போன செய்தி சொன்னபடியே பலித்துவிட்டது. ஊர் முழுக்கத் தண்ணீர் இல்லை. ஏழாம் பகுதியில் மட்டும் தெருவெல்லாம் வெள்ளம்.

மேலாளர் அறையில் தொலைபேசியை எடுத்துக் கீழே வைத்திருந்தார்கள். அம்மாள் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார், நோட்டை மார்போடு அணைத்தபடி. கண் சிவந்திருந்தது. மேலாளர் மேலிடத்துக்கு அனுப்பவேண்டிய விளக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க. என்ன ஆச்சு சொல்லுங்க. இதுக்கெல்லாம் எழுத்துமூலமா வழிமுறை இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்!" என்றார் கையேட்டார். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பார்! "எல்லாம் உள்ளேயே எழுதியிருக்கு. எண் முன்னால வரணும்னு எச்சரிக்கையே போட்டிருக்கேன். படிச்சிருந்தா இது நடந்திருக்காது."

மேலாளர் பேனாவை எடுத்தார். "எழுதப்பட்ட வழிமுறைகளைப் பின்பற்றாததால்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். அந்த ஒரு வரி போதும். பதினோரு நாள் கழித்து அந்த அம்மாள் வீட்டில்தான் இருப்பார். அது அவருக்கும் தெரிந்தது.

"படிச்சேன் சார்," என்றார் அம்மாள்.

"படிச்சா எப்படி மேடம்—"

"எழுதியே வெச்சிருக்கேன் சார்." நோட்டைப் பிரித்தார். குரல் நடுங்கினாலும் நிறுத்தாமல் வாசித்தார். "கடைசி வரி வரை படிக்கவும். முழுவதும் படிக்கவும். கேள்வி கேட்கும் முன் இதைப் படிக்கவும்." மேலாளர் கையேட்டாரை ஒரு பார்வை பார்த்தார். பிறந்த தேதி, பெயர் விளக்கம், நன்றி. நன்றி கூறப்பட்டவர்களில் தன் பெயர் வந்தபோது மேலாளர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "செய்தியையும் பகுதி எண்ணையும் கொடுத்து எண்டர் தட்டவும்." அம்மாள் நிமிர்ந்து, "செய்தியையும் எண்ணையும்னு இருந்துச்சு. அதனால செய்தி முதல்ல, எண் அடுத்துன்னு தட்டினேன் சார்," என்றார். மேலும் வாசித்தார். கடைசியில், "எச்சரிக்கை" என்றார். நிறுத்தினார்.

"ம், சொல்லுங்க. அப்புறம்?" என்றார் கையேட்டார்.

"அவ்வளவுதான் சார். எச்சரிக்கை, ரெண்டு புள்ளி. அதுக்குக் கீழ ஒன்னும் இல்ல. அதைக் கேக்கத்தான் ரெண்டாவது தடவை கூப்பிட்டேன். முழுசா படிங்கன்னு வெச்சுட்டீங்க. நானும் திரும்பத் திரும்பப் பாத்தேன். முழுசே அவ்வளவுதான் இருந்துச்சு."

"இருக்கும். இல்லாம எங்க போகும்?" கையேட்டார் மேலாளரின் கணினியில் கருப்புத் திரையைத் திறந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ஸ்கிரிப்டிடம் "ஹெல்ப்" என்று கேட்டார்.

வரிகள் ஓடிவந்து நின்றன. கடைசியில், "எச்சரிக்கை:". அதற்குக் கீழே, அடுத்து தட்டுவதற்காகக் காத்திருக்கும் சின்னக் கட்டம் ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி தட்டினார். மறுபடியும் அதே. விரலால் திரையைத் தொட்டு எண்ணினார். எண்ணி முடிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துபோய்விட்டது. தான் கோபத்தோடு சேர்த்த மூன்று வரிகளும் மேலே வரிசையாக நின்று அவரையே பார்த்து, படிக்கவும், படிக்கவும், படிக்கவும் என்றன. காது மடல் சூடானது. "சிஸ்டம்ல ஏதோ கோளாறு" என்று சொல்லிவிடலாம். மேலாளருக்கு எது தெரியும்? அந்தச் சொல் வாய்வரை வந்ததையும் நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் எதிரே அந்த நோட்டு திறந்து கிடந்தது. அவர் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் இன்னொருவர் கையெழுத்தில் அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை. அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"சார், அந்த வரியை அடிச்சிடுங்க. தப்பு என்னோடது."

"எந்த வரி?"

"நீங்க இப்ப எழுதினது. நான் எழுதினது நாப்பத்துமூணு வரி சார். நாப்பதோட நிறுத்துன்னு சொன்னதும் நான்தான். எச்சரிக்கை வெளிய வரவே இல்ல. அவங்க போன் பண்ணியும் நான் கேக்கல."

மேலாளருக்கு நாற்பதும் புரியவில்லை, நாற்பத்துமூன்றும் புரியவில்லை. "அப்ப இவங்க படிச்சாங்களா, படிக்கலையா? அதைச் சொல்லுங்க."

"படிச்சாங்க சார்," என்றார் கையேட்டார். "இந்த ஆபீஸ்லயே படிச்ச ஒரே ஆளு இவங்கதான்."

மேலாளர் அந்த வரியை அடித்தார். விளக்கத்தில் கையேட்டாரின் பெயர் ஏறியது. மேலிடத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது, அதை ஒருமுறைக்கு இரண்டுமுறை முழுவதும் படித்தார். பதினோராம் நாள் அம்மாளுக்கு வேலை நிரந்தரமானது. அன்று அவரே கையேட்டாரின் மேஜைக்கு வந்தார்.

"சார், ஒன்னு கேக்கலாமா? அந்த எச்சரிக்கையை மேல கொண்டுவந்து முதல் வரியா வெச்சுட்டா என்ன?"

கையேட்டார் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அதெப்படி மேடம்? முதல்ல எல்லாத்தையும் சொல்லணும். எச்சரிக்கைன்னா கடைசியிலதான்." சொல்லிவிட்டு நாற்பது என்பதை எண்பது ஆக்கினார். ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. தலைப்பில் மட்டும் நான்காவதாக ஒரு வரி ஏறியது: "இக்குறிப்பு முழுவதும் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளவும்." துவைக்கும் இயந்திரம் இன்றுவரை முன்பக்கமாகத்தான் ஒழுகுகிறது. புத்தகம் அதே ஜன்னலில் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காகிதம் யார் கையெழுத்து? நேற்று உங்களிடம் ஒரு சின்னச் சந்தேகம் கேட்டவரிடம், "அதான் குழுவுல அனுப்பியிருந்தேனே, பாக்கலையா?" என்றது யார்? அவர் பேசி முடிப்பதற்குள் வைத்துவிட்டது யார்? இந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் மனம் கொஞ்சம் புண்படக்கூடும். அதை முதல் வரியிலேயே சொல்லி எச்சரித்திருக்கலாம்தான். சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் எச்சரிக்கை என்றால் கடைசியில்தானே வைக்கவேண்டும்?